கிர்ஷ்னரின் 1919 பனி நிலவு ஓவியம்: அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

நீலமசி எழுதியது:

ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்டுகளைப் (கண்ட காட்சியைவிட உள்ளுணர்வை வரைய முயன்ற ஓவியர்கள்) பற்றி இங்கே பேசும்போதெல்லாம் பெர்லின் தெருப் படங்களிலேயே நின்றுவிடுகிறோம். அதனால் எர்ன்ஸ்ட் லூட்விக் கிர்ஷ்னரின் ஒரு நிலக்காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த இழையைத் தொடங்குகிறேன். 'நிலவொளியில் பனிக்கால நிலக்காட்சி', 1919. கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். பக்கத்துக்குச் சுமார் 120 செ.மீ., கிட்டத்தட்டச் சதுரம். இப்போது இருப்பது அமெரிக்காவின் டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தில். இணையத்தில் படம் எளிதாகக் கிடைக்கும், பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்க்க நேரமில்லாதவர்களுக்கு: மேலே மஞ்சள் நிலா. அதைச் சுற்றிக் கொழுந்துவிடுகிற மாதிரி செம்மஞ்சளும் சிவப்புமாக மேகங்கள். நடுவே அடர்நீல மலைகள். முன்னால் பனிச்சரிவில் சிவந்த மரங்கள். மனிதர்கள் இல்லை. 'நிலவொளி' என்றதும் நம் மனதில் வரும் வெள்ளியும் சாம்பலும் இதில் தேடினாலும் கிடைக்காது.

இந்தப் படத்தைப் பற்றிப் படித்த இடத்திலெல்லாம் ஒரே கதைதான். முதல் உலகப் போர் அவரை உடைத்தது, மனநோய், மார்ஃபின், தூக்கமின்மை, ஆகவே மரங்கள் சிவப்பு. இந்த 'ஆகவே'தான் எனக்கு எரிச்சல். படத்தை ஒரு நோயாளியின் கேஸ் ஷீட் மாதிரிப் படிக்கிறார்கள். எனக்கு இது நன்றாகப் பார்த்த ஒருவர் வரைந்த படமாகத் தெரிகிறது. 1919 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்தில், அதிகாலையில் நிலா மறைவதைக் கண்டதை அவரே சொல்கிறார். மஞ்சள் நிலா, சின்னச் சின்ன இளஞ்சிவப்பு மேகங்கள், கலப்பில்லாத ஆழ்ந்த நீலத்தில் மலைகள், தாங்க முடியாத குளிர். படத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதுதானே? சொல்லுங்கள்.

---

கரிக்கோல் எழுதியது:

நீலமசி, நோயை அவ்வளவு சுலபமாகக் கழித்துவிட முடியாது. காலவரிசையைப் பாருங்கள். 1915இல் ஹாலேயில் பீரங்கிப் படைப் பயிற்சிக்குப் போனார், சில மாதங்களில் உடைந்துபோனார். போர்முனையைப் பார்க்கவே இல்லை. அதே ஆண்டு வரைந்த 'படைவீரனாகத் தன்னுருவம்' படத்தில் வலது கை மணிக்கட்டோடு வெட்டுண்டிருக்கிறது. நிஜத்தில் அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இல்லாத காயத்தை வரைந்த ஆள் இவர். பிறகு ஜெர்மனியில் சானடோரியங்கள் (ஓய்வு மருத்துவமனைகள்), 1917இல் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ், அங்கே டாக்டர் லூசியுஸ் ஷ்பெங்லரின் மேற்பார்வை. அதற்கப்புறம் கிட்டத்தட்ட ஓராண்டு மனநல மருத்துவர் லுட்விக் பின்ஸ்வாங்கரின் க்ராய்ட்ஸ்லிங்கன் மருத்துவமனை. நாம் பேசும் படம் வரையும்போதும் மார்ஃபின் பழக்கத்திலிருந்து அவர் விடுபடவில்லை, அதற்கு 1921 வரை ஆனது. கைகால் சரியாக வழங்காத நாட்களும் இருந்தன.

இன்னொன்று. இயற்கையைப் பிரதி எடுக்க மாட்டோம் என்றுதானே இந்தக் கூட்டமே கிளம்பியது? 1905இல் டிரெஸ்டனில் கிர்ஷ்னர், ஹெக்கல், ஷ்மிட்-ரோட்லுஃப், ப்ளைல் என நாலு கட்டடக்கலை மாணவர்கள் சேர்ந்து 'ப்ரூக்கே' குழுவை ஆரம்பித்தபோது கேட்டது, தங்களைப் படைக்கத் தூண்டுவதை நேராக, கலப்படமில்லாமல் வெளியிடும் உரிமை. அந்த ஆளைப் பிடித்து 'கண்ணால் கண்டதை வரைந்தார்' என்று சொன்னால் அவரை இம்ப்ரஷனிஸ்ட், அதாவது கண்ணில் பட்ட ஒளியை அப்படியே பிடிக்கும் ஓவியர், ஆக்கிவிடுகிறீர்கள். அவர் கேட்டிருந்தால் சண்டைக்கே வந்திருப்பார்.

---

தெருமுனை எழுதியது:

சிவப்பு மரம், நீல மலை. எங்கள் வீட்டுச் சின்னவனும் இப்படித்தான் வரைகிறான். அவனுக்கு மார்ஃபின் எல்லாம் தேவைப்படவில்லை.

---

நீலமசி எழுதியது:

தெருமுனை, சின்னவனிடம் 120 செ.மீ. கேன்வாஸ் கொடுத்து, சிவப்பும் நீலமும் ஒன்றையொன்று விழுங்காமல் வரையச் சொல்லிப் படத்தை இங்கே போடுங்கள். உண்மையாகவே பார்க்க ஆசை.

---

பனிக்காடு எழுதியது:

வணக்கம். நான் ஓவியம் படித்த ஆள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கன காலமாக ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறேன், டாவோஸ் இருக்கிற கிரௌபுண்டன் மாநிலத்தில்தான் வேலை. ஹோட்டல் சமையலறை என்றபடியால் விடியமுன் வெளிக்கிட வேண்டும். அதனால் இந்த நிறங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் மரங்கள். அவர் அப்போது இருந்தது டாவோஸுக்குக் கொஞ்சம் தள்ளி ஃபிரௌவன்கிர்ஹ் என்ற இடத்தில். வீட்டின் பெயரே 'லார்ச் மரங்களுக்குள்ளே' என்று பொருள்படும். இந்த லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனால் மற்றவை மாதிரி வருடம் முழுக்கப் பச்சையாக நிற்காது. ஒக்டோபரில் பொன்மஞ்சளாகி, பிறகு ஊசிகளையெல்லாம் கொட்டிவிடும். ஜனவரியில் வெறும் கொப்புகள்தான். அந்தக் கொப்புகள் வைக்கோலும் செம்பழுப்பும் கலந்த நிறம். பக்கத்தில் ஸ்ப்ரூஸ் மரங்கள் கரும்பச்சையில் நிற்க, இவை மட்டும் துருப்பிடித்த கம்பிக் கற்றை மாதிரித் தெரியும். விடியற்காலைச் செவ்வெளிச்சம் அதில் பட்டால் சிவப்பு என்றே சொல்லலாம். படத்தில் உள்ள அளவுக்குச் சிவப்பு இல்லைத்தான். ஆனால் பச்சை மரத்தைச் சிவப்பாக்கிவிட்டார் என்று நினைப்பவர்கள் லார்ச்சைப் பார்க்காதவர்கள்.

இரண்டாவது, நீலம். டாவோஸ் 1,560 மீட்டர் உயரம். காற்று காய்ந்து கிடக்கும். சூரியன் வரமுன் பனி முழுக்க நீலம்தான். வெள்ளைப் பனி என்பது மத்தியானத்துப் பனி. உச்சிகளில் மட்டும் முதல் வெளிச்சம் பட்டு ரோசாவாகும், கீழே பள்ளத்தாக்கு நீலத்திலேயே கிடக்கும். இதற்கு ஜெர்மன்காரர் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், 'ஆல்பன்க்ளூயன்'. சுற்றுலாக் கடைத் தபாலட்டைகளில் இது மலிந்து கிடக்கிறது. அங்கே அதை ஒருவரும் மனநோய் என்று சொல்வதில்லை.

---

நீலமசி எழுதியது:

பனிக்காடு அண்ணா, இதைத்தான் எதிர்பார்த்தேன்.

பனியின் நிறத்தைப் பற்றி ஜெர்மன் மரபிலேயே பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. கவிஞர் கதே 1810இல் வெளியிட்ட வண்ணக் கோட்பாட்டில், குளிர்காலத்தில் ப்ரோக்கன் மலையிலிருந்து இறங்கியதை விவரிக்கிறார். பகலில் பனிமேல் விழுந்த நிழல்கள் ஊதா சாயலில் இருந்தன. சூரியன் இறங்க இறங்க நீலமாயின. கடைசியில் சூரியன் சிவந்தபோது நிழல் பச்சையாகவே தெரிந்தது என்கிறார். கோட்பாட்டில் அவர் நியூட்டனோடு போட்ட சண்டை தோற்றுப்போன சண்டை, அதை விடுங்கள். பார்த்ததைச் சரியாகவே பார்த்திருக்கிறார்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஓவியம் எனக்குத் தூரம், வானியல் கொஞ்சம் பக்கம். கடிதத்தில் அதிகாலை நிலா என்று இருக்கிறது அல்லவா? அதைச் சரிபார்க்கலாம். பஞ்சாங்கம் கூட வேண்டாம்.

1919 மே 29 அன்று ஒரு முழுச் சூரிய கிரகணம். ஐன்ஸ்டீன் சொன்னபடி நட்சத்திர ஒளி வளைகிறதா என்று எடிங்டன் பிரின்சிபே தீவுக்குப் போய் அளந்தாரே, அதே கிரகணம். சூரிய கிரகணம் என்றால் அமாவாசை. அங்கிருந்து ஐந்து சாந்திர மாதம் பின்னால் போங்கள். மாதத்துக்கு 29.53 நாள், மொத்தம் சுமார் 147.65 நாள். ஜனவரி 1 அல்லது 2இல் ஓர் அமாவாசை வருகிறது. அரை மாதம் கூட்டினால் ஜனவரி 16 வாக்கில் பௌர்ணமி.

பௌர்ணமியன்று சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி நிலா மறையும். அடுத்த சில நாட்கள் மறைவு தள்ளிப்போகும், விடியும்போது நிலா இன்னும் மேற்கு வானத்தில் நிற்கும். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு என்பதால் அடிவானம் வரை இறங்காமல் முன்னதாகவே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆக, ஜனவரி நடுவிலிருந்து இருபது, இருபத்திரண்டு வரை எந்த நாளாக இருந்தாலும் கடிதத்தில் உள்ள காட்சி சாத்தியம். மேற்கே நிலா, கிழக்கே விடியல், இரண்டு வெளிச்சமும் ஒரே நேரத்தில்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நிலவொளி மட்டும் இருந்தால் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் நிறம் பிரிக்கும் கூம்பணுக்கள் வேலை செய்யாது, சிவப்புப் பொருள் கறுப்பாகிவிடும். நடு இரவுக் காட்சி என்றால் சிவப்பு மரம் கற்பனையே. விடியல் கலந்த காட்சி என்றால் சிவப்பைக் கண்ணால் கண்டிருக்க முடியும். தலைப்பில் உள்ள 'நிலவொளி' என்ற சொல்லை நம்பி நடு இரவு என்று நினைத்துக்கொள்வதால்தான் நிறம் பைத்தியமாகத் தெரிகிறது.

---

வாசகன்_கோவை எழுதியது:

கிரகணத்தை வைத்து நிலாவைப் பிடித்தது பிரமாதம் சார். இந்த மன்றத்துக்கு வருவதே இதற்காகத்தான்.

---

கரிக்கோல் எழுதியது:

நன்றாகவே இருக்கிறது. நான் மட்டும் இன்னும் எதிர்க்கட்சி.

உங்கள் வழக்கு முழுக்க ஒரு கடிதத்தின் மேல் நிற்கிறது. கிர்ஷ்னர் தன்னைப் பற்றி எழுதியதை அப்படியே நம்பலாமா? 1920இலிருந்து ஜெர்மன் பத்திரிகைகளிலும் கண்காட்சிக் கையேடுகளிலும் லூயி த மார்சால் என்று ஒரு பிரெஞ்சு விமர்சகர் கிர்ஷ்னரைப் பாராட்டிப் பாராட்டி எழுதினார். அந்த மார்சால் வேறு யாருமில்லை, கிர்ஷ்னரேதான்! தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள ஒரு வெளிநாட்டுக்காரரை உருவாக்கினார். 1933இல் பெர்ன் நகரக் கண்காட்சியின் சமயத்தில் 'மார்சால் இறந்துவிட்டார்' என்று காரியமும் முடித்துவிட்டார். அது போக, பழைய படங்களுக்கு இன்னும் பழைய தேதி போட்டார், மற்றவர்களுக்கு முன்பே தான் செய்ததாகக் காட்ட வேண்டும் என்று. 1920களில் தன் பழைய கேன்வாஸ்களை எடுத்து மேலே வண்ணம் பூசித் திருத்தவும் செய்தார்.

இப்படிப்பட்டவர் கடிதம் எழுதும்போது மட்டும் சத்தியம் செய்துவிட்டு எழுதுவாரா? நிலா மறைந்தது உண்மையாக இருக்கலாம், கணக்குப்பிள்ளையின் கணக்கோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 'மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆழ்ந்த நீலம்' என்பது கண்ட காட்சியா, மனதில் ஏற்கெனவே கலந்து வைத்த வண்ணத் தட்டா? ஓவியர் ஜன்னலைத் திறந்து பார்ப்பதே தன் தட்டில் உள்ள வண்ணங்களோடுதான்.

---

நீலமசி எழுதியது:

மார்சாலை இழுப்பீர்கள் என்று தெரியும் கரிக்கோல் :) அது விற்பனைக்கும் புகழுக்கும் செய்த தகிடுதத்தம். காலையில் நிலா அழகாக இருந்தது என்று பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்? தூக்கம் வராத மனிதர், ஜன்னலோரம், அந்த நேரத்தில் விழித்திருக்கிறார். நோய் இந்தப் படத்துக்குள் வருவது அந்த வாசல் வழியாக என்றால் ஒப்புக்கொள்கிறேன். நோய் அவரை எழுப்பி உட்கார வைத்தது, சரி. நிறத்தை அது கொடுத்தது என்பதைத்தான் மறுக்கிறேன்.

---

அச்சுக்கூடம் எழுதியது:

இரண்டு பக்கமும் ஒரு பொருளை மேசைக்குக் கொண்டுவரவே இல்லை, அதனால் குறுக்கே வருகிறேன். கவின்கலைக் கல்லூரியில் பிரிண்ட்மேக்கிங் படித்தவன், இன்றும் கைக்கு மை ஒட்டும் தொழில்தான்.

அதே 1919இல் இதே காட்சியை ஒட்டி ஒரு வண்ண வுட்கட் செய்திருக்கிறார், 'குளிர்கால நிலவு இரவு'. மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, தாளை வைத்துத் தேய்த்து எடுப்பது. கிர்ஷ்னர் அதை எந்த அச்சகத்துக்கும் அனுப்பவில்லை, தன் கையாலேயே எடுத்தார். அப்படி எடுத்த தாள்களில் 'ஐகன்ட்ருக்', அதாவது 'சொந்தக் கை அச்சு' என்று பென்சிலில் எழுதிவைக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. கிடைத்திருப்பவை சொற்பப் பிரதிகள். முக்கியமான விஷயம்: அந்தப் பிரதிகளின் நிறம் ஒன்றுக்கொன்று மாறுகிறது. அதே கட்டை, அதே மலை, அதே நிலா. ஒரு தாளில் வானம் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி.

இப்போது சொல்லுங்கள். நீலமசி சொல்வதுபோல அது கண்ணால் கண்ட நிறம் என்றால், கண்டது ஒரு விடியலைத்தானே? ஏன் இத்தனை நிறம்? கரிக்கோல் சொல்வதுபோல உள்ளே கொதித்த வேதனையின் நிறம் என்றால், வேதனை கட்டையைக் கழுவித் துடைத்து, ரோலரில் புது மை ஏற்றி, 'இந்தத் தடவை மேகத்துக்கு இதைப் போட்டுப் பார்ப்போம்' என்று சொல்லுமா? வுட்கட் எடுத்தவர்களுக்குத் தெரியும், அது ஆவேசத்தில் நடக்கிற வேலை இல்லை. செதுக்குவது கண்ணாடி பிம்பமாக, இடம் வலம் மாற்றி. இரண்டாவது நிறத்தை முதல் நிறத்தின் மேல் விலகாமல் உட்கார வைக்க வேண்டும். மை கெட்டியானால் நுண்கோடு அடைபடும், நீர்த்தால் பரவும். ஒவ்வொரு தாளும் நிதானமாக எடுத்த முடிவுகளின் அடுக்கு.

கட்டையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மரத்தில் நிழல் சாயலை மெல்ல மெல்லக் குறைத்துக் காட்ட முடியாது, விட்ட இடம் மை, வெட்டிய இடம் தாள். அதனால் உருவம் எல்லாம் முனை கூர்ந்த துண்டுகளாகும். பிறகு எண்ணெய் ஓவியத்தைப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் மரங்களின் பல் பல்லான விளிம்பு, மேகத்தின் ஓரம், மலையின் மடிப்பு, எல்லாமே உளியின் பழக்கம். பிரஷ் பிடித்திருக்கும்போதும் அந்தக் கை உளிக் கையாகவே இருந்தது. எது முதலில், ஓவியமா அச்சா என்ற வாதம் எனக்குப் பெரிதில்லை. இரண்டும் ஒரே பட்டறை.

---

கரிக்கோல் எழுதியது:

இது கனமான சாட்சி. 'முடிவு' என்ற இடத்துக்கு வந்தால் எனக்குச் சம்மதம், ஏனென்றால் நான் கேட்டதும் அதுதான்: இயற்கை கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்ளாத ஓவியர். நோய்க் கதையை நானும் அளவுக்கு மேல் விரும்பவில்லை. பிரதிகளின் நிற மாற்றத்தை நீலமசி எப்படி விளக்குவார்?

---

நீலமசி எழுதியது:

விளக்குவது கடினமில்லை. பிரதிகள் மாறுவது அவர் கண்டதிலிருந்து கிளம்பி எங்கெங்கே போக முடியும் என்று தேடிப் பார்த்ததைக் காட்டுகிறது. கிளம்பிய இடம் அந்தக் காலை. கடிதத்தில் மேகம் இளஞ்சிவப்பு, சின்னதாக இருக்கிறது. ஓவியத்தில் அது எரிகிறது, வானத்தில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில் அவர் செய்தது வேலை என்று அச்சுக்கூடம் சொன்னால் மகிழ்ச்சியாக ஏற்கிறேன். ஆனால் இடைவெளியை அளக்க முடிகிறதே, அதற்குக் காரணம் மறுமுனையில் ஒரு நிஜக் காலை இருப்பதுதான். அவர் ஃபோட்டோவும் எடுப்பவர், டாவோஸ் மலைகளையும் அங்கிருந்த மக்களையும் எடுத்த படங்கள் உண்டு. அவை கறுப்பு வெள்ளை. நிறத்தைக் கண்ணிலும் கையிலும்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது.

---

புதுமுகம்22 எழுதியது:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். ஓவியக் கல்லூரி முதலாண்டு. ஜெர்மன் ஓவியத்தில் நிலா என்றதும் எங்களுக்கு ஃப்ரீட்ரிஷைத்தான் காட்டினார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

---

கரிக்கோல் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி (தங்கையாக இருந்தாலும் சரி). காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷின் 'நிலவை நோக்கும் இருவர்' 1819 வாக்கில் வரைந்தது, நம் படத்துக்குச் சரியாக நூறாண்டு முன்னால். அது டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிர்ஷ்னர் 1901இலிருந்து 1911 வரை வாழ்ந்த ஊர் டிரெஸ்டன். அந்தப் படத்தைப் பார்த்தாரா, என்ன நினைத்தார் என்று நான் ஊகிக்கப்போவதில்லை. படங்களை மட்டும் பக்கத்தில் வையுங்கள். ஃப்ரீட்ரிஷில் இரண்டு பேர் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். நாம் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று நிலாவைப் பார்க்கிறோம், பக்தி தானாக வந்துவிடுகிறது. கிர்ஷ்னர் அந்த இருவரையும் எடுத்துவிட்டார். இடையில் தரகர் இல்லை. பக்தி வருவதற்குள் நிறம் வந்து அடிக்கிறது.

ஃப்ரீட்ரிஷில் முழுப் படமும் ஒரே பழுப்பு மூட்டத்துக்குள் அடங்கும். இங்கே சிவப்பும் நீலமும் சம பலத்தில் மோதுகின்றன, எதுவும் எதற்கும் அடங்கவில்லை. சதுர வடிவமும் அதற்குத் தோதாக இருக்கிறது. அகலவாட்டுப் படத்தில் கண் இடம் வலமாக உலாத்தும். சதுரத்தில் அப்படி உலாத்த இடமில்லை, மேலும் கீழும் இடித்துக்கொண்டு நடுவுக்கே திரும்புகிறது.

---

பனிக்காடு எழுதியது:

இந்தப் படம் எப்படி அமெரிக்கா போனது? டாவோஸிலேயே கிர்ஷ்னருக்கென்று அருங்காட்சியகம் இருக்கிறதே.

---

நீலமசி எழுதியது:

பெரிய கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1937இல் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து கிர்ஷ்னரின் 639 படைப்புகளைப் பிடுங்கினார்கள். மியூனிக்கில் நடத்திய 'சீர்கெட்ட கலை' கண்காட்சியில் முப்பதுக்கும் மேல் தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள். கரிக்கோல் சொன்ன அந்தப் படைவீரன் படத்துக்கு 'வேசியோடு படைவீரன்' என்று பெயர் மாற்றி மாட்டினார்கள். தன் கலையைவிட ஜெர்மானியமானது எது என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். பிரஷ்ய கலை அகாடமியிலிருந்தும் நீக்கினார்கள். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனது, கிரௌபுண்டனுக்கு எல்லை பக்கம். ஜூன் 15 அன்று டாவோஸில் தன் வீட்டருகே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார்.

நம் படத்தை டெட்ராய்டுக்குக் கொடுத்தவர் கர்ட் வாலன்டின், ஜெர்மனியிலிருந்து 1937இல் நியூயார்க்குக்குப் போன யூதக் கலை வியாபாரி. 1940இல், ஓவியரின் நினைவாக, அருங்காட்சியக இயக்குநர் வில்ஹெல்ம் வாலன்டினரின் அறுபதாம் பிறந்தநாளை ஒட்டி அன்பளிப்பு. (வாலன்டின் வேறு, வாலன்டினர் வேறு, நானும் எழுதும்போது தடுமாறுகிறேன்.) வாலன்டினர் பிறந்தது 1880 மே 2, கிர்ஷ்னர் பிறந்தது 1880 மே 6. உயிரோடு இருந்திருந்தால் கிர்ஷ்னருக்கும் அதே வாரம் அறுபது.

---

தெருமுனை எழுதியது:

டெட்ராய்ட் நகரமே 2013இல் திவாலானதே, அப்போது இதையெல்லாம் விற்கப் பார்க்கவில்லையா? கேலி இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

விற்கலாமா என்று பேச்சு எழுந்தது, கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் வந்து விலையும் மதிப்பிட்டது. ஆனால் அவர்கள் மதிப்பிட்டது நகரம் தன் பணத்தில் வாங்கியவற்றை மட்டும். இது அன்பளிப்பு. கடைசியில் அறக்கட்டளைகளும் மாநில அரசும் பணம் போட்டு, 2014இல் அருங்காட்சியகமே நகரத்தின் கையிலிருந்து தனி நிறுவனத்துக்கு மாறியது. ஒன்றும் விற்கப்படவில்லை.

---

வாசகன்_கோவை எழுதியது:

ஒரு சந்தேகம். இணையத்தில் இந்தப் படத்துக்கு நாலைந்து பிரதி இருக்கிறது. ஒன்றில் மேகம் ஆரஞ்சு, இன்னொன்றில் ரோஸ். மரம் ஒன்றில் செங்கல், ஒன்றில் மெரூன். நாம் எந்தச் சிவப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

---

நீலமசி எழுதியது:

அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள், விக்கி நகல்களையும் போஸ்டர் கடைகளையும் நம்ப வேண்டாம். போஸ்டர் கடைக்காரர்கள் சிவப்பை ஏற்றித்தான் விற்கிறார்கள். திரைக்குத் திரை கொஞ்சம் மாறும், அதற்கு மருந்து இல்லை. சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள உறவு எல்லா நகலிலும் ஓரளவு தப்பிக்கிறது, வாதத்துக்கு அது போதும்.

---

புதுமுகம்22 எழுதியது:

அச்சுக்கூடம் சார், அந்த வுட்கட் மாதிரி ஒன்றை நானே முயன்று பார்க்க எங்கே தொடங்குவது? கல்லூரியில் இன்னும் லினோ (மரத்துக்குப் பதில் லினோலியம் தகட்டில் செதுக்குவது) வரைதான் வந்திருக்கிறோம்.

---

அச்சுக்கூடம் எழுதியது:

லினோவில் கை பழகியது நல்லது, ஆனால் லினோவில் இழை கிடையாது, கத்தி எந்தப் பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும். சாதாரண ப்ளைவுட் துண்டு ஒன்று எடு, எட்டு அங்குலம் போதும். கத்தி இழைக்குக் குறுக்கே போகும்போது முரண்டு பிடிக்கும், சிம்பு பெயரும். அந்த முரண்டுதான் கிர்ஷ்னரின் கோடு. மலை, மரம், வட்டம், மூன்று உருவத்துக்கு மேல் வைக்காதே. ஒரு கட்டையில் அடர்நிறக் கோடுகள், இரண்டாவது கட்டையில் பெரிய நிறப் பரப்புகள். இரண்டாவதில் ரோலருக்குப் பதில் துணியால் பகுதி பகுதியாக மை வைத்தால் ஒரே கட்டையில் இரண்டு மூன்று நிறம் எடுக்கலாம். பிரஸ் தேவையில்லை, மெல்லிய தாள் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்.

முதல் தாளை நீ கண்ட நிறத்தில் எடு. பிறகு கட்டையைத் துடைத்துவிட்டு வானத்தின் நிறத்தை மட்டும் மாற்றி இன்னொன்று எடு, மற்றது எதையும் தொடாதே. இரண்டையும் இங்கே போடு, கரிக்கோலும் நீலமசியும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு செதுக்காதே, மேசையில் கிளாம்ப் போடு. இடது கை எப்போதும் கத்திக்குப் பின்னால்.